வயர் ரோப் சீக்கிரம் பழுதாகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

காசிமேட்டு விசைப்படகின் வின்ச், அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கிரேன், வேளச்சேரி அடுக்குமாடியின் லிஃப்ட், கட்டுமானத் தளத்தில் கலவை ஏற்றும் ஹாய்ஸ்ட் என எல்லாவற்றிலும் ஓடும் எஃகுக் கம்பிக் கயிற்றை நாம் வயர் ரோப் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். அது பழுதானதும் பாரிமுனைக் கடைக்கு ஆள் அனுப்பி, "16 மி.மீ., அறுபது மீட்டர்" என்று கேட்டு வாங்கி வரச் சொல்வது இங்கே பரவலான வழக்கம். அந்த 16 மி.மீ. ரோப்புக்குள் 42 கம்பிகள் இருக்கலாம், 216 கம்பிகளும் இருக்கலாம். முதல் வகை உரசலை நன்றாகத் தாங்கும், சிறிய கப்பியில் வளைந்தால் விரைவில் முறியும். இரண்டாம் வகை வளைவுக்கு நன்றாக ஈடுகொடுக்கும், கரடுமுரடான பரப்பில் இழுபட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும். பழைய ரோப் எந்த விதமாகக் கெட்டது என்று பார்க்காமல் அதே விட்டத்தில் இன்னொன்றை மாட்டினால், அதே பழுது அதே இடத்தில் திரும்ப வரும். அதனால்தான் கழற்றிய ரோப்பைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன் அரைமணி நேரமாவது வெளிச்சத்தில் விரித்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

தொடங்குவதற்கு முன்

சுமையை முழுவதும் தரையில் இறக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, யாரும் இயக்க முடியாதபடி பூட்டிய பிறகே ரோப்பைத் தொடுங்கள். ஓடும் ரோப்பில் கையையோ துணியையோ வைத்து முறிந்த கம்பியைத் தேடும் பழக்கம் பல விரல்களைப் பறித்திருக்கிறது. நின்ற நிலையில், தடித்த தோல் கையுறையுடன், ஒரு பழைய பருத்தித் துணியை ரோப்பைச் சுற்றிப் பிடித்து மெதுவாக நகர்த்தினால், முறிந்த கம்பி முனை எங்கே இருக்கிறதோ அங்கே நூல் சிக்கும்.

நான்கு தகவல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரோப்பின் விட்டம், அதன் கட்டமைப்பு, நடுவே உள்ள கோர் நாரா ஸ்டீலா என்பது, அது ஓடும் மிகச் சிறிய கப்பியின் விட்டம். விட்டத்தை வெர்னியரில் அளக்கும்போது தாடைகள் எதிரெதிர்ப் புரிகளின் (கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய இழைகளின்) முதுகில் அமர வேண்டும்; இரு புரிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் அமர்ந்தால் அளவு குறைவாக வரும். ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி எடுப்பதே முறை.

கட்டமைப்பைக் குறிக்கும் எண்ணில் முதலில் வருவது புரிகளின் எண்ணிக்கை, அடுத்து வருவது ஒரு புரியில் உள்ள கம்பிகளின் எண்ணிக்கை. 6×19 என்றால் ஆறு புரிகள், ஒவ்வொன்றிலும் 19 கம்பிகள். இந்த எண் மட்டும் போதாது. 19 கம்பிகளை நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஒன்பது, அதன் மேல் ஒன்பது என அடுக்கினால் அது சீல் அமைப்பு. 25 கம்பிகளில் ஆறு மெல்லிய நிரப்புக் கம்பிகள் இடைவெளிகளை அடைத்தபடி இருந்தால் அது ஃபில்லர் அமைப்பு. வாரிங்டன்-சீல் அமைப்பில் 36 கம்பிகள் 1, 7, 7+7, 14 என்று அடுக்கப்படும். இவை மூன்றிலும் ஒரு புரியின் எல்லாக் கம்பிகளும் ஒரே இழுப்பில், ஒரே முறுக்கு நீளத்தில் (ஒரு முழுச் சுற்றுக்கான நீளத்தில்) முறுக்கப்படுவதால், ஒரு கம்பி அடுத்த கம்பியை அதன் முழு நீளத்திலும் அணைத்தபடி படுத்திருக்கும். அடுக்கு அடுக்காகத் தனித்தனி நீளத்தில் முறுக்கப்பட்ட பழைய முறையில், மேல் அடுக்கின் கம்பிகள் கீழ் அடுக்கின் கம்பிகளைக் குறுக்காகக் கடக்கும். கடக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் குவிந்து, உள்ளே வடு விழும்.

கடையில் 6×37 என்று கேட்டால் இந்தக் குறுக்கு அடுக்கு ரோப் கையில் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் 18, 12, 6, 1 என்ற அந்த அமைப்பு இன்னும் தயாரிக்கப்பட்டு விற்கப்படுகிறது. 6×36 வாரிங்டன்-சீல் என்று முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் மற்றது வரும். எண்ணில் ஒன்றே வேறுபாடு. உழைக்கும் காலத்தில் அந்த வேறுபாடு மிகப் பெரியது. தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழில் கட்டமைப்பு, கோர், முறுக்குத் திசை, கம்பியின் வலிமைத் தரம், அறுபடு விசை ஆகிய எல்லாம் எழுதியிருக்கும். பொதுப் பொறியியல் பயன்பாட்டு ரோப்புகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2266; லிஃப்ட் ரோப்புகளுக்கு ஐ.எஸ். 2365. சான்றிதழ் இல்லாத ரோப்பைத் தூக்கும் வேலைக்கு வாங்காதீர்கள்.

அறிகுறி: புரிகளின் முதுகில் கம்பிகள் வரிசையாக முறிகின்றன, முனை தட்டையாக இருக்கிறது

முறிந்த முனையை ஒரு கைக்கண்ணாடியில் பாருங்கள். கம்பியின் தடிமன் அப்படியே இருக்க, கத்தியால் நறுக்கியதுபோல் முனை சதுரமாக இருந்தால், அது திரும்பத் திரும்ப வளைந்து நிமிர்ந்ததால் ஏற்பட்ட உலோக அயர்ச்சி. முனை குறுகி, ஒரு பக்கம் கிண்ணமாகவும் மறுபக்கம் கூம்பாகவும் இருந்தால் அது மிகைச்சுமையால் இழுபட்டு அறுந்தது. முனை ஒரு பக்கம் மட்டும் சீவியதுபோல் மெலிந்திருந்தால் அது தேய்ந்து அறுந்தது. இந்த மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்தாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

அயர்ச்சி என்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது கப்பியின் விட்டம். ஒரு கம்பி கப்பியில் வளையும்போது அதில் எழும் வளைவுத் தகைவு, கம்பியின் தடிமனைக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் வரும் விகிதத்தைப் பொறுத்தது. ஆகவே ரோப் தடித்ததா மெல்லியதா என்பதை விட, அதன் வெளிக்கம்பி எவ்வளவு தடிப்பு என்பதே இங்கு முக்கியம். ஒரு 16 மி.மீ. ரோப்பை எடுத்துக்கொள்வோம். 6×7 கட்டமைப்பில் அதன் வெளிக்கம்பி சுமார் 1.7 மி.மீ. தடிப்பாக இருக்கும், 6×19 சீலில் சுமார் 1.3, 6×25 ஃபில்லரில் சுமார் 1.0, 6×36 வாரிங்டன்-சீலில் சுமார் 0.9. கப்பியின் விட்டம் ரோப்பின் விட்டத்தைப் போல் குறைந்தது எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்பதற்கு ரோப் தயாரிப்பாளர் கையேடுகளில் வழங்கும் மதிப்புகள் இதையே பின்பற்றுகின்றன: 6×7-க்கு 42, 6×19 சீலுக்கு 34, 6×25 ஃபில்லருக்கு 26, 6×36-க்கு 23. இவை தாண்டக்கூடாத கீழெல்லைகள் மட்டுமே. நல்ல ஆயுளுக்குப் பரிந்துரைக்கப்படுபவை முறையே 72, 51, 39, 35.

இப்போது உங்கள் இயந்திரத்தில் 400 மி.மீ. கப்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 மி.மீ. ரோப்புக்கு அது 25 மடங்கு. 6×36 அதில் கீழெல்லைக்கு மேலே ஓடும். 6×19 சீலுக்கு 544 மி.மீ. தேவைப்படும் இடத்தில் 400 மட்டுமே கிடைப்பதால், அதன் வெளிக்கம்பிகள் சில மாதங்களிலேயே முதுகில் முறியத் தொடங்குவதில் வியப்பில்லை. இந்த நிலையில் "கம்பெனி சரியில்லை" என்று விற்றவரைக் குறை சொல்வதும், விலை கூடிய பிராண்டில் அதே 6×19-ஐ வாங்கி மாட்டுவதும் பயன் தரா. கப்பியை மாற்ற முடியாவிட்டால் கட்டமைப்பை மாற்றுங்கள்.

கப்பியின் அளவு சரியாக இருந்தும் அயர்ச்சி தெரிந்தால், ரோப் செல்லும் பாதையை வரைந்து பாருங்கள். ஒரு கப்பியில் மேலாகவும் அடுத்த கப்பியில் கீழாகவும் சென்று எதிர்த்திசையில் வளையும் அமைப்பு, ஒரே திசையில் வளைவதைக் காட்டிலும் கம்பிகளை வெகு விரைவில் சோர வைக்கும். இரு கப்பிகளும் அருகருகே இருந்தால் கேடு இன்னும் கூடும்.

எத்தனை முறிவு வரை பொறுக்கலாம் என்பது எல்லா ரோப்புக்கும் ஒரே எண் அல்ல. மொபைல் கிரேன்களுக்கான அமெரிக்கத் தரம், ஓடும் ரோப்பில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் பரவலாக ஆறு கம்பிகளோ, ஒரே புரியில் மூன்று கம்பிகளோ முறிந்தால் கழற்றச் சொல்கிறது. சுமை தூக்கும்போது சுழலாதபடி முறுக்கப்பட்ட சுழலா ரோப்புக்கு, விட்டத்தின் 6 மடங்கு நீளத்தில் இரண்டு அல்லது 30 மடங்கு நீளத்தில் நான்கு. கிரேன் ரோப் ஆய்வுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4309 கட்டமைப்பு வாரியாகவும் இயந்திரத்தின் வேலை வகை வாரியாகவும் அட்டவணை தருகிறது. உங்கள் இயந்திரத்தின் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஒரு புரி முழுவதும் அறுந்திருந்தால் அட்டவணையைப் புரட்ட வேண்டியதே இல்லை, அப்போதே கழற்றிவிடுங்கள்.

அறிகுறி: வெளிக்கம்பிகள் பளபளவென்று தட்டையாகத் தேய்ந்திருக்கின்றன

இது உரசல். இதற்கான மருந்து முந்தைய நோய்க்கு நேர் எதிரானது. 0.9 மி.மீ. கம்பியிலிருந்து அரை மி.மீ. தேய்ந்தால் மிஞ்சுவது சிறிதே, 1.7 மி.மீ. கம்பியில் அதே அரை மி.மீ. போனாலும் வேலை ஓடும். கடலடியில் மணலிலும் சேற்றிலும் இழுபடும் இழுவலை ரோப்புகளுக்குத் தடித்த வெளிக்கம்பியுள்ள கட்டமைப்புகள் பொருந்துவது இதனால்தான். 1834-இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களுக்காக வில்ஹெல்ம் ஆல்பர்ட் உருவாக்கிய முதல் நடைமுறை வயர் ரோப், மூன்று புரிகளும் புரிக்கு நான்கு கம்பிகளுமாக, ஒவ்வொரு கம்பியும் 3.5 மி.மீ. தடிப்பில் இருந்தது. அவ்வளவு விறைத்த ரோப்புக்கு மிகப் பெரிய கப்பி தேவை. அன்று தொடங்கிய இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு சமநிலையைத் தேடுவதே இன்றுவரை புரிக்கட்டமைப்பின் வரலாறாக இருக்கிறது.

ஒரு கணக்கை இங்கே மனத்தில் வைக்க வேண்டும். 6×19 சீலில் ஒரு புரிக்கு ஒன்பது வெளிக்கம்பிகள்; கம்பிப் பரப்பில் உள்ளே பாதுகாப்பாக இருப்பது சுமார் 32 விழுக்காடுதான். 6×25 ஃபில்லரில் அது சுமார் 43, 6×36-இல் சுமார் 49. அதாவது தடித்த வெளிக்கம்பி மெதுவாகத் தேயும். ஆனால் தேய்ந்து முடிந்தபின் உள்ளே தாங்குவதற்கு இருப்பது குறைவு.

கட்டமைப்பை மாற்றுவதற்கு முன் உரசல் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ரோப் ஒரு ஐ-பீமின் விளிம்பிலோ, கான்கிரீட் தளத்தின் ஓரத்திலோ உரசிச் செல்லும் அமைப்புகளைக் கட்டுமானத் தளங்களில் அடிக்கடி காண்கிறேன். அங்கே ஒரு உருளையைப் பொருத்துவது எந்தப் புதிய ரோப்பையும் விடச் சிக்கனமானது. சுழலாமல் இறுகிப்போன கப்பியும் ரோப்பைத் தன் மேல் வழுக்க விட்டு அறுக்கும்.

பலர் பார்க்கத் தவறுவது கப்பியின் காடி, அதாவது ரோப் அமரும் பள்ளம். பழைய ரோப் தேய்ந்து விட்டம் குறைந்த நிலையில் மாதக்கணக்கில் ஓடியபோது, காடியும் அந்தக் குறைந்த விட்டத்துக்கேற்பக் குறுகியிருக்கும். புதிய ரோப்போ பெயரளவு விட்டத்தை விடச் சற்றுப் பெரிதாகவே தயாரிக்கப்படும். அது குறுகிய காடிக்குள் நெரிபட்டு, இரு பக்கமும் தேய்ந்து, உள்ளே புரியோடு புரி மோதி, பழையதைவிட வேகமாகக் கெடும். காடி ரோப்பை விடச் சுமார் 5 முதல் 10 விழுக்காடு அகலமாக இருக்க வேண்டும். இதை அளக்க விசிறி போல் விரியும் காடி அளவி கிடைக்கிறது. அளவியைக் காடிக்குள் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள்: அளவியின் அடியில் வெளிச்சம் கசிந்தால் காடி குறுகியது, அளவி அடியில் மட்டும் அமர்ந்து இருபுறமும் அதிக வெளிச்சம் தெரிந்தால் காடி அகன்றது, அதில் ரோப் தாங்கலின்றித் தட்டையாகும். காடியின் அடியில் விரலை ஓட்டும்போது புரிகளின் அச்சு வரிவரியாகத் தட்டுப்பட்டால், அந்தக் கப்பி புதிய ரோப்பை அரம்போல் அராவும். கடைசல் போட்டுச் சீர்செய்யுங்கள். இல்லையேல் கப்பியை மாற்றுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தேய்மானம் மிகுந்தால், முறுக்கு வகையைப் பற்றி யோசிக்கலாம். வழக்கமான ரெகுலர் லே ரோப்பில் கம்பிகள் ஒரு திசையிலும் புரிகள் எதிர்த்திசையிலும் முறுக்கப்பட்டிருப்பதால், வெளிக்கம்பிகள் ரோப்பின் நீளவாக்கில் படுத்திருப்பதுபோல் தெரியும். லாங் லேயில் இரண்டும் ஒரே திசை. கம்பிகள் ரோப்புக்குச் சாய்வாகத் தெரியும். ஒவ்வொரு கம்பியும் அதிக நீளத்துக்குக் காடியைத் தொடுவதால் தேய்மானம் பரவிக் குறைகிறது, வளைவும் எளிதாகிறது. ஆனால் லாங் லே ரோப்புக்குத் தன்னை அவிழ்த்துக்கொள்ளும் வேகம் அதிகம். இரு முனையும் சுழல முடியாதபடி கட்டப்பட்ட இடத்தில் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். ஒற்றை ரோப்பில் சுமை தனியாகத் தொங்கும் ஹாய்ஸ்டில் அதை ஒருபோதும் மாட்டாதீர்கள். புரியை முறுக்கிய பின் அழுத்தி வெளிமுகத்தை மழுங்கச் செய்த காம்பாக்ட் ரோப் மற்றொரு வழி. அதில் தொடுபரப்பு கூடுவதால், மெல்லிய கம்பிகள் இருந்தும் தேய்மானம் கட்டுக்குள் இருக்கும்.

அறிகுறி: வெளியே நன்றாக இருக்கிறது, ஆனால் விட்டம் குறைகிறது, அல்லது இரு புரிகளுக்கு இடையே கம்பி முறிந்து எழும்புகிறது

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இதுதான், ஏனெனில் கேடு உள்ளே நடக்கிறது. ஆறு புரிகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடாமல் நடுவே தாங்குவது கோர். நார் கோர் காய்ந்து தூளானாலோ, ஸ்டீல் கோர் நசுங்கி முறிந்தாலோ, புரிகள் உள்நோக்கிச் சரிந்து ஒன்றையொன்று அழுத்தும். தளர்ந்த ரோப்பை இரு கைகளால் மெல்ல வளைத்துப் பாருங்கள்: பள்ளத்தில் மறைந்திருந்த முறிந்த கம்பிகள் தலைதூக்கும். ஐ.எஸ்.ஓ. 4309-இன்படி ஒரு முறுக்கு நீளத்தில், அதாவது ரோப் விட்டத்தின் சுமார் 6 மடங்கு நீளத்தில், இத்தகைய பள்ள முறிவுகள் இரண்டு இருந்தாலே கழற்ற வேண்டும்.

விட்டக் குறைவை மதிப்பிட, ரோப் புதிதாக மாட்டிச் சில முறை சுமை ஏற்றி இறக்கியபின் அளந்த அளவு உங்களிடம் இருக்க வேண்டும். அதை எழுதி வைக்காதவர்கள் பின்னாளில் பெயரளவு விட்டத்தோடு ஒப்பிட்டு ஏமாறுகிறார்கள். பெயரளவு 16 மி.மீ., முதல் அளவு 16.4 மி.மீ. என்றால், நார் கோர் உள்ள ரோப்பில் விட்டம் சீராகக் குறைந்து 14.8-ஐ எட்டும்போது 10 விழுக்காட்டு எல்லை வந்துவிடும். ஸ்டீல் கோர் ரோப்புக்கு எல்லை 7.5 விழுக்காடு, அதாவது 15.2, சுழலா ரோப்புக்கு 5 விழுக்காடு மட்டுமே. ஓரிடத்தில் மட்டும் திடீரென ஒடுங்கியிருந்தால் விழுக்காடு பார்க்காமல் கழற்றுங்கள்.

எந்தக் கோர் வேண்டும் என்பதும் இங்கேதான் முடிவாகிறது. நார் கோர் மசகெண்ணெயைத் தேக்கி வைத்து உள்ளிருந்து வழங்கும். ரோப்பும் நன்றாக வளையும். ஸ்டீல் கோர் அறுபடு விசையைச் சுமார் 7 விழுக்காடு கூட்டும், எளிதில் நசுங்காது, வெப்பத்தையும் தாங்கும். வார்ப்பாலைகளிலும் உலை அருகிலும் அதுவே ஏற்றது. டிரம்மில் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்காகச் சுற்றும் ரோப்புக்கும் ஸ்டீல் கோரையே தேர்ந்தெடுப்பேன்.

அறிகுறி: செந்நிறத் தூள், துரு, விறைப்பு

கடலோர நகரத்தில் இது பெரிய தலைப்பு. எண்ணூர், காசிமேடு, துறைமுகம், கிழக்குக் கடற்கரைச் சாலை என உப்புக்காற்று படும் எல்லா இடங்களிலும் ரோப் வேலை செய்யாத நாளிலும் கெடுகிறது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்ப ஓடத் தொடங்கும் கட்டுமான ஹாய்ஸ்டின் ரோப், நாள்தோறும் ஓடிய ரோப்பைவிட மோசமாக இருப்பது வழக்கம். நார் கோர் எண்ணெய்க்குப் பதில் நீரை உறிஞ்சிக்கொண்டால், துரு உள்ளிருந்து வெளியே வரும்.

மேல்துரு கம்பி பிரஷால் தேய்த்ததும் போய், அடியில் வழவழப்பான கம்பி தெரிந்தால், எண்ணெயிட்டுத் தொடரலாம். கம்பியின் மேல் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தெரிந்தால் கழற்ற வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு குழியும் அயர்ச்சி முறிவு தொடங்கும் இடம். புரிகளுக்கு நடுவிலிருந்து காய்ந்த செந்தூள் உதிர்ந்தால் உள்ளே கம்பிகள் எண்ணெயின்றி ஒன்றையொன்று அராவுகின்றன என்று பொருள். மெல்லிய கம்பிகள் நிறைந்த 6×36 ரோப்பில் அரிப்புக்கு ஆளாகும் மொத்தப் பரப்பு அதிகம் என்பதால், அது துருவுக்கு முதலில் பலியாகும். கடலோரத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் துத்தநாகப் பூச்சுள்ளதாக வாங்குங்கள்.

கெட்டியான கிரீஸைக் கையால் அள்ளி மேலே அப்புவது பராமரிப்பு ஆகாது. அது உள்ளே இறங்காது, ஏற்கெனவே புகுந்த ஈரத்தையும் உப்பையும் உள்ளேயே பூட்டிவைக்கும், முறிந்த கம்பிகளைக் கண்ணுக்கு மறைக்கும். முதலில் பழைய அழுக்கைப் பிரஷால் நீக்குங்கள். உள்ளிருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும் பெட்ரோல் போன்ற கரைப்பான்களில் ஊற வைக்காதீர்கள். பிறகு, ஊடுருவும் தன்மையுள்ள ரோப் எண்ணெயைக் கப்பியின் மேல் ரோப் வளையும் இடத்தில் விடுங்கள். அங்கேதான் வெளிப்புறத்தில் புரிகள் சற்று விரிந்து வாய் திறந்திருக்கும்.

லிஃப்ட் ரோப்புக்கு இந்த அறிவுரை அப்படியே பொருந்தாது. அங்கே சுமையை இழுப்பதே கப்பிக்கும் ரோப்புக்கும் இடையிலான உராய்வு. எண்ணெய் மிகுந்தால் ரோப் வழுக்கும். பெரும்பாலான லிஃப்டுகளில் நார் கோர் கொண்ட 8×19 சீல் ரோப் இருக்கும். எட்டுப் புரிகள் இருப்பதால் அது உருண்டையாக, நன்றாக வளையும். கப்பி விட்டம் ரோப்பைப் போல் 40 மடங்கு என்பது விதி, 13 மி.மீ. ரோப்புக்கு 520 மி.மீ. செந்தூள் கண்டால் குடியிருப்புச் சங்கத்தார் தாமாக எதையும் பூசாமல் லிஃப்ட் பராமரிப்பவரை அழைக்க வேண்டும்.

அறிகுறி: தூக்கும்போது சுமை சுழல்கிறது, கொக்கியின் ரோப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன

ஆறு புரி ரோப் எதுவாயினும் சுமை ஏறும்போது தன் முறுக்கை அவிழ்க்க முயலும். உயரம் கூடக் கூட இது வெளிப்படையாகத் தெரியும். அடுக்குமாடி உயர்ந்து 15, 20 தளங்களை எட்டும்போது, கீழ்த் தளங்களில் சிக்கல் தராத அதே ரோப் திடீரென்று சுழலத் தொடங்குவது அதனால்தான். உள் அடுக்கு ஒரு திசையிலும் வெளி அடுக்கு எதிர்த்திசையிலும் முறுக்கப்பட்ட 19×7, 35×7 போன்ற சுழலா ரோப்புகள் இதற்கென்றே உள்ளன. ஆனால் அவற்றின் உள் அடுக்கும் வெளி அடுக்கும் குறுக்காகக் கடப்பதால் கம்பிகள் உள்ளே முதலில் முறியும், வெளியே தெரியாது. முறிவு எல்லையும் விட்டக் குறைவு எல்லையும் அவற்றுக்கு அவ்வளவு கடுமையாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. 19×7-க்குக் கப்பி குறைந்தது 34 மடங்கு வேண்டும். சிறிய கப்பியுள்ள பழைய வின்ச்சில் அதை மாட்டினால் ஒரு சிக்கலைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியதாகும்.

சுழற்சியைத் தடுக்க ஸ்விவல் (தானாகச் சுழலும் இணைப்பு) மாட்டிவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆறு புரி ரோப்பில் ஸ்விவல் மாட்டினால் ரோப் தடையின்றி அவிழ்ந்து, புரிகள் தளர்ந்து, வலிமை குறையும். சுமை இறங்கியதும் திரும்ப முறுக்கிக்கொள்ளும். இந்த அவிழ்தலும் முறுக்கலும் கோரைத் தின்றுவிடும். 35×7 வகைக்கு மட்டும் தயாரிப்பாளர் அனுமதித்தால் ஸ்விவல் மாட்டலாம்.

புரிகள் ஓரிடத்தில் பறவைக் கூண்டுபோல் வெளியே பிதுங்கியிருந்தால், அதைச் சுத்தியால் தட்டி உள்ளே தள்ளாதீர்கள். அது திடீர்ச் சுமை விடுபட்டதாலோ, முறுக்கு ஒரு முனைக்குத் தள்ளப்பட்டுத் தேங்கியதாலோ வந்தது. அந்த ரோப் அத்துடன் முடிந்தது.

அறிகுறி: டிரம்மில் நசுங்குகிறது, இடைவெளி விட்டுச் சுற்றுகிறது

முதல் அடுக்கு தளர்வாக இருந்தால் மேல் அடுக்கின் ரோப் அதைப் பிளந்து உள்ளே புதையும். புதிய ரோப்பைச் சுற்றும்போதே, வெறுமனே சுருட்டாமல், இழுவிசை கொடுத்துச் சுற்ற வேண்டும். சுமை முழுவதும் இறங்கிய நிலையிலும் டிரம்மில் இரண்டு மூன்று சுற்றுகளாவது எஞ்சியிருக்க வேண்டும்.

ரோப் டிரம்மில் இடைவெளி விட்டுச் சுற்றினால், முதல் கப்பி டிரம்முக்கு மிக அருகில் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். காடியில்லாத வழவழப்பான டிரம்முக்குச் சாய்கோணம் (டிரம்மின் ஓரத்தில் இருக்கும்போது ரோப் நேர்கோட்டிலிருந்து விலகும் கோணம்) 1.5 பாகையையும், காடியுள்ள டிரம்முக்கு 2 பாகையையும் தாண்டக் கூடாது. டிரம் அகலத்தில் பாதியை முன்னதற்கு 38-ஆலும் பின்னதற்கு 29-ஆலும் பெருக்கினால் தேவையான குறைந்தபட்சத் தொலைவு கிடைக்கும். 300 மி.மீ. அகலமுள்ள வழவழப்பான டிரம்முக்கு அது 5.7 மீட்டர். இடநெருக்கடியான சென்னைத் தளங்களில் வின்ச்சைச் சுவரோரம் வைத்து, இரண்டு மீட்டரில் கப்பியைக் கட்டிவிட்டு, ரோப் சரியில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

அறிகுறி: மடிப்பு, அலைபோன்ற வளைவு

சுருளைத் தரையில் படுக்க வைத்து மேலாக உருவி எடுத்தால் ஒவ்வொரு வளையமும் ஒரு முறுக்கைச் சேர்க்கும். வளையம் இறுகினால் மடிப்பாகி நிரந்தரமாகத் தங்கும். சுருளைத் தாங்கியில் ஏற்றிச் சுழலவிட்டு இழுங்கள். சிறிய சுருளாயின் சக்கரம்போல் தரையில் உருட்டிச் செல்லுங்கள். விழுந்த மடிப்பை நிமிர்த்தினாலும் அங்கே கம்பிகள் இடம்பெயர்ந்தே இருக்கும். அலைபோன்ற வளைவு இருந்தால் நேர்விளிம்பொன்றை ஒட்டிவைத்து இடைவெளியை அளவிடுங்கள்: கப்பியில் ஓடும் பகுதியில் அது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கையும், கப்பிக்கு வராத பகுதியில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டினால் கழற்ற வேண்டும்.

அறிகுறி: முனையில், கிளாம்ப் அருகே முறிகிறது

யூ வடிவக் கிளாம்பின் வளைந்த போல்ட் ரோப்பின் குட்டை முனையின் மேலும், அகன்ற அடிப்பாகம் சுமை தாங்கும் நீண்ட பகுதியின் மேலும் அமர வேண்டும். ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பி மாட்டியிருந்தால், போல்ட் சுமை தாங்கும் ரோப்பை நெரித்து அங்கேயே முறிக்கும். திம்பிள் (கண்ணியின் உட்புறம் வைக்கும் உலோகக் காடி) இல்லாத கண்ணியும் அப்படியே. முதல் சுமை ஏறியதும் ரோப் சற்று மெலியும் என்பதால் நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். சரியாகப் போட்ட கிளாம்பும் ரோப்பின் வலிமையில் சுமார் 80 விழுக்காட்டையே தக்கவைக்கும். ஈயம் போலக் கைக்குக் கிடைத்ததை ஊற்றாமல், முறைப்படி துத்தநாகமோ பிசினோ வார்த்த சாக்கெட் முழு வலிமையையும் தரும். முனையருகே இரண்டு கம்பிகள் முறிந்திருந்தால் அப்பகுதியை வெட்டிவிட்டு, நீளம் போதுமானால், புதிதாக முனை கட்டலாம்.

அறிகுறி: புதிய ரோப் நீண்டுகொண்டே போகிறது

தொடக்க வாரங்களில் இது இயல்பே. புரிகள் கோரின் மேல் அழுந்தி அமரும்போது, நார் கோர் ரோப் சுமார் 0.5 முதல் 0.75 விழுக்காடும், ஸ்டீல் கோர் ரோப் சுமார் 0.25 முதல் 0.5 விழுக்காடும் நிரந்தரமாக நீளும். 40 மீட்டர் நார் கோர் ரோப்பில் அது 20 முதல் 30 செ.மீ.; லிமிட் சுவிட்சையும் லிஃப்டின் ரோப் இழுவிசையையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். அப்படி அமர்ந்து, நீளம் நிலைத்து, பல மாதங்கள் ஓடிய ரோப் மறுபடியும் நீளத் தொடங்கினால் அது வேறு செய்தி: கம்பிகள் உள்ளே முறிகின்றன, அல்லது கோர் சரிகிறது. சுமையை இறக்கிவிட்டு, வெர்னியரை எடுத்துக்கொண்டு விட்டக் குறைவுக்கான அறிகுறியிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.